அலரியின் படகுப் பாயில் சிவப்பு குறைந்தபோது

என் நோயின் முதல் அறிகுறியை நாற்பது பேர் இருந்த ஒரு கைப்பேசி வாசகர் குழுவில் நானே எழுதிப் போட்டேன். புகாராக.

"படகுப் பாயின் நிறத்தைக் கெடுத்துவிட்டார்கள். புத்தகத்தில் வருவது காந்தள் பூவின் சிவப்பு. முன்னோட்டத்தில் இருப்பது துருப்பிடித்த தகரம். முதல் பாகத்தின் முதல் பக்கத்தையாவது படித்துவிட்டுப் படம் எடுத்தார்களா?"

எழுதி முடித்ததும் ஒரு திருப்தி. இனிமேல் பற்றிக்கொண்டு எரியும் என்று நினைத்தேன். எரிந்தது, ஆனால் என் மேல்.

'சாம்பல் கடல்' ஆறு பாகங்கள் கொண்ட மாயாஜால நாவல் வரிசை. தன் தீவிலிருந்து துரத்தப்பட்ட அலரி என்ற பெண், சாம்பல் மழை பெய்யும் கடலில் ஒற்றைப் படகை வைத்துக்கொண்டு ஊர் திரும்பப் போராடும் கதை. அந்த உலகத்தில் வானம், தண்ணீர், மனிதர்களின் துணி எல்லாமே சாம்பல் நிறம். அவள் படகின் பாய் மட்டும் சிவப்பு. பகைவர்கள் அவளைக் கண்டுபிடிப்பதும் அதை வைத்துத்தான், நண்பர்கள் கண்டுபிடிப்பதும் அதை வைத்துத்தான். ஆகவே அந்த நிறம் எங்களுக்குச் சின்ன விஷயம் இல்லை.

அப்போது ஐந்து பாகங்கள் வந்திருந்தன. கடைசிப் பாகம் அச்சில் இருந்தது. முதல் பாகத்தை வாரத் தொடராக எடுத்து, ஒரு நிமிட முன்னோட்டத்தை வெளியிட்டிருந்தார்கள். அதைத்தான் நான் பதினைந்து தடவையாவது பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் பாய் இன்னும் கொஞ்சம் வெளுத்தது போலிருந்தது. ஒவ்வொரு தடவையும் எனக்குக் கோபம் இன்னும் கொஞ்சம் ஏறியது.

"சிவப்பாகத்தானே இருக்கிறது?" என்று ஒருவர். "திரையின் வெளிச்சத்தைக் கூட்டிப் பாருங்கள்" என்று இன்னொருவர். நான் விடவில்லை. எங்கள் ஊர்ப் பேருந்து நிழற்குடையின் தகரக் கூரையைப் படமெடுத்துப் பக்கத்தில் வைத்து அனுப்பினேன். இரண்டு நாள் சண்டை போட்டேன்.

கடைசியில் பெனிட்டாவின் குரல் செய்தி வந்தது. "ஏ சௌமி, நல்ல ரத்தச் செவப்புல்லா இருக்கு. ஒனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சாளா?"

பெனிட்டா எங்கள் மலையின் பெரிய ஊரான செம்மேட்டில் அரசு அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளர். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். நான் செம்மேடு பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு கணினி மையத்தில் சான்றிதழ் விண்ணப்பங்களைப் பதிவு செய்கிறேன். ஒரு நாள் நகல் எடுக்க வந்தவளின் பையிலிருந்து மூன்றாம் பாகம் எட்டிப் பார்த்தது. இரண்டு பக்கம் நகல் எடுக்க அன்றைக்கு ஒரு மணி நேரம் ஆனது. குழுவில் என்னைச் சேர்த்தவளும் அவள்தான்.

இப்போது நோயைப் பற்றி.

வளப்பூர் நாட்டில் (மலையில் ஊர்த் தொகுதியை நாடு என்போம்) எங்கள் வீட்டில் கைப்பேசிக்கு சிக்னல் கிடைப்பது கட்டிலின் தலைமாட்டு ஜன்னலில் மட்டும். எதைப் பார்ப்பதென்றாலும் இடது பக்கமாகச் சாய்ந்து படுத்துத்தான் பார்ப்பேன். அப்படிப் படுத்தால் இடது கண் தலையணையில் புதைந்துவிடும். அதாவது அந்த முன்னோட்டத்தைப் பதினைந்து தடவையும் நான் வலது கண்ணால் மட்டுமே பார்த்திருக்கிறேன். இது எனக்கு அப்போது தெரியாது.

அதே வாரம் வலது கண்ணுக்குப் பின்னால் ஒரு வலி தொடங்கியது. சும்மா இருந்தால் இல்லை. கண்ணை ஓரத்துக்குத் திருப்பினால் யாரோ உள்ளிருந்து நூலைக் கட்டி இழுப்பது போல வலிக்கும். அம்மா நந்தியாவட்டைப் பூவை இமைமேல் வைத்துக் கட்டினாள். செம்மேட்டு மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொண்டேன். நான்கு நாட்கள் இப்படியே போயின. இதைப் படிக்கிற உங்களில் யாராவது அந்த நான்காவது நாளில் இருந்தால், தயவுசெய்து பூவை எடுத்துவிட்டுப் பேருந்து ஏறுங்கள்.

ஐந்தாம் நாள் மையத்தில் இடது கண்ணில் தூசி விழுந்தது. அதைக் கசக்கிக்கொண்டே வலது கண்ணால் திரையைப் பார்த்தேன். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் பொட்டு இருந்தது. கண்ணை நகர்த்தினேன். பொட்டும் நகர்ந்தது.

விண்ணப்பம் கொண்டுவந்திருந்தவர் மேசைமேல் எட்டிப் பார்த்தார். "ஏனுங்கம்மிணி, பேரு தப்பா இருக்குதுங்களா?"

"பேரே தெரியலீங்க" என்றேன். அவர் தன் அட்டையை என்னிடம் இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நீட்டினார்.

மறுநாள் அம்மாவும் நானும் நாமக்கல்லுக்குப் புறப்பட்டோம். மலையிலிருந்து இறங்கும் சாலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். அவற்றைச் சிறு வயதிலிருந்து எண்ணாமல் கடந்தவள் நான். அன்றைக்கு எண்ணினேன். பேருந்து திரும்பும் ஒவ்வொரு முறையும் கண்களும் தாமாகவே சேர்ந்து திரும்புகின்றன என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன். எழுபது வளைவுக்கும் எழுபது தடவை அந்த நூலை இழுத்தார்கள்.

நாமக்கல்லில் கண் மருத்துவர் எழுத்துப் பலகை, விளக்கு எல்லாம் முடித்துவிட்டு, ஒரு மருந்துக் குப்பியின் சிவப்பு மூடியை என் முகத்துக்கு நேரே பிடித்தார். ஒரு கண்ணை மூடச் சொன்னார். பிறகு மறு கண்ணை.

"எந்தக் கண்ணுல நல்ல சிவப்பாத் தெரியுது?"

இடது கண்ணில் அது சிவப்பு. வலது கண்ணில் துருப்பிடித்த தகரம்.

"சார், அப்ப அந்தப் பாய் சிவப்புதானா?" என்று கேட்டேன்.

"எந்தப் பாய்?"

"அது ஏதோ கதைப் பொஸ்தகமுங்க. அதையே பேசீட்டு இருப்பா. நீங்க சொல்லுங்க டாக்டரு" என்றாள் அம்மா.

"கண் நல்லா இருக்கு. கண்ணுல இருந்து மூளைக்குப் போற நரம்புதான் வீங்கியிருக்கு" என்றார் அவர். பார்வை நரம்பு அழற்சி (கண்ணில் விழும் காட்சியை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்பில் ஏற்படும் வீக்கம்) என்று சீட்டில் எழுதினார். இதில் முதலில் மங்குவது பெரும்பாலும் சிவப்புதானாம். அன்றைக்கே சேலம் போகச் சொன்னார்.

பேருந்தில் உட்கார்ந்து நான் என்ன நினைத்தேன் என்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பார்வை போய்விடுமோ என்று நினைக்கவில்லை. நாற்பது பேரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமே என்று நினைத்தேன்.

சேலத்தில் நரம்பியல் மருத்துவர் ஒரு பெண். வேகமாகப் பேசுவார், ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் நகர மாட்டார். எம்.ஆர்.ஐ. (காந்தத்தின் உதவியால் எடுக்கும் உள்படம்) எடுத்தார்கள். முதுகிலிருந்து நீர் எடுத்தார்கள். ரத்தத்தை ஏதோ வெளியூர்ப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார்கள்; முடிவு வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள்.

மருத்துவமனையில் சேர்ந்த மறுநாள் காலை விழித்தபோது சுவர்க் கடிகாரத்தில் முட்கள் இல்லை. வலது கண்ணை மூடினேன். அப்போதும் இல்லை. இடது கண்ணும் போய்க்கொண்டிருந்தது.

அடுத்த இரண்டு நாளில் மனிதர்கள் நிழல்களானார்கள். வருவது அம்மாவா நர்ஸா என்பதை வளையல் சத்தத்தில் கண்டுபிடித்தேன். ஸ்டீராய்டு (வீக்கத்தை வேகமாக அடக்கும் மருந்து) ஐந்து நாள் ரத்தக் குழாய் வழியாக ஏற்றினார்கள். வாயெல்லாம் செம்புக்காசை வைத்தது போலக் கசப்பு. அகோரப் பசி. முகம் ஊதியது என்று மற்றவர்கள் சொன்னார்கள். என்னால் பார்க்க முடியாததில் அது ஒன்றுதான் நல்லது.

அம்மா மருத்துவரிடம் தினமும் ஒரே கேள்வியைக் கேட்டாள். "ஏனுங்க டாக்டரு, புள்ளைக்குப் பார்வ வந்துருமுங்களா?"

"பெரும்பாலும் வந்துரும்மா. முழுசா வருமா, எத்தனை நாள்ல வரும்னு என்னால சொல்ல முடியாது."

"ராத்திரி பகலாப் படிச்சா, அதனாலங்களா?"

"இல்லம்மா. படிச்சதாலயும் வரல, போன் பாத்ததாலயும் வரல. உடம்புல நோயை எதிர்க்கிற அணுக்கள் ஆள் தெரியாம சொந்த நரம்பையே தாக்கிடுச்சு. அவ்வளவுதான்."

இந்த ஒரு பதிலுக்காகவே அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். ஆனால் ஊரில் அதை யாரும் நம்பவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாருமே, "அத்தன பெரிய பொஸ்தகம் படிச்சா என்னாவும்?" என்றுதான் தொடங்கினார்கள். பதில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனேன்.

வீடு திரும்பிய வாரம் தொடர் வெளியானது. கைப்பேசியைக் காதருகே வைத்துக் கேட்டேன். கேட்டுப் பாருங்கள், அப்போது தெரியும் எவ்வளவு குறைவாகப் பேசுகிறார்கள் என்று. ஐம்பது நிமிடத்தில் முப்பது நிமிடம் காற்று, அலை, வயலின். யாரோ மூச்சு வாங்குகிறார்கள். யாரோ எதையோ உடைக்கிறார்கள். அலரி அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

பெனிட்டாவைக் கூப்பிட்டேன். "சொல்லு. அந்த வயலின் வந்தப்ப என்ன நடந்துச்சு?"

"அவ நிக்கா. அவன் பாக்கான். அவ்ளோதாம்ளா."

"எப்படிப் பாக்கறான்?"

"எப்படின்னா? கண்ணால பாக்கான்."

"பெனி, நான் போன வெச்சுருவேன்."

"சரி சரி, சொல்லுதேன். பாக்க நல்லாத்தான் இருக்கான். ஆனா புஸ்தகத்துல உள்ள அளவுக்கு மூக்கு இல்ல."

குழுவில் இருந்தவர்களும் உதவினார்கள். ஒவ்வொருவரும் காட்சிகளை விவரித்துக் குரல் செய்தி அனுப்பினார்கள். எட்டுப் பேர் ஒரே காட்சியைச் சொன்னார்கள், எட்டும் வேறு வேறு. ஒருவருக்கு அது காதல் காட்சி, ஒருவருக்குத் துரோகம். சொல்பவர் எல்லாரும் தாங்கள் நினைத்ததைச் சொன்னார்களே தவிர, பார்த்ததைச் சொல்லவில்லை. நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் எனக்கு எரிச்சல் வந்தது. எரிச்சல் வந்ததற்காக என் மேலேயே இன்னொரு எரிச்சல்.

இதற்கிடையில் ஆறாம் பாகம் வந்தது. எனக்கு இரண்டு கண்ணிலும் ஜன்னல் எங்கே இருக்கிறது என்று தெரியும் அளவுக்குத்தான் பார்வை.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. அதற்குப் பெயர் பூட்டு. புதுப் பாகம் வந்தால் மூன்று வாரம் அதைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. முடிவை யார் வாய்தவறிச் சொன்னாலும் ஒரு மாதம் வெளியே. இதை மீறியவர்கள் இல்லை. பெனிட்டா என் நிலையைச் சொல்லி, பூட்டை ஆறு வாரமாக நீட்டச் சொன்னாள். எல்லாரும் சரி என்றார்கள்.

அந்த முடிவை நான் என் கண்ணால் படிக்க வேண்டும். எனக்கு அப்போது இருந்த ஆசை இது ஒன்றுதான். ஒன்பது ஆண்டுகளாக அலரியோடு வந்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் தொடங்கியது. கடைசிப் பக்கத்தை வேறு யாருடைய வாயிலிருந்தும் வாங்க எனக்கு விருப்பமில்லை. பார்வை திரும்புமா என்ற பெரிய கேள்வியை நேராகப் பார்க்கும் தைரியம் இல்லாததால், அதை இந்தச் சின்னக் கேள்வியாக மாற்றி வைத்துக்கொண்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

பூட்டின் ஐந்தாம் வாரம். குழுவின் குரல் செய்திகளை வரிசையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் ஒருவர், வேறு யாருக்கோ தனியாக அனுப்ப நினைத்ததைக் குழுவில் அனுப்பியிருந்தார். "ஒருத்திக்காக எத்தனை நாளைக்குத்தான் வாயைக் கட்டிக்கிட்டு இருக்கிறது? அந்தப் பொண்ணுக்குப் பார்வை வருமோ வராதோ. அதுக்குள்ள தொடரே முடிஞ்சுரும்."

உடனே அழித்துவிட்டார். நான் ஏற்கெனவே கேட்டுவிட்டேன்.

அவர் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை என்பதுதான் தாங்க முடியவில்லை. நானே அவர் இடத்தில் இருந்தால் இரண்டாம் வாரமே கத்தியிருப்பேன். "பூட்டைத் திறந்துகொள்ளுங்கள். நான் போகிறேன்" என்று குரலில் சொல்லிவிட்டு, எந்தப் பொத்தான் எங்கே என்று அம்மாவிடம் கேட்டுக் கேட்டு, குழுவை விட்டு வெளியேறினேன். கோபித்துக்கொண்டு வெளியே போவதற்குக்கூட எனக்கு ஓர் ஆள் துணை தேவைப்பட்டது.

அந்தச் சனிக்கிழமை பெனிட்டா பேருந்து பிடித்து வீட்டுக்கே வந்தாள். ஆறாம் பாகத்தை என் மடியில் வைத்தாள். செங்கல் கனம்.

"அன்னைக்குக் கண்ணு அவிஞ்சு போச்சான்னு கேட்டேம்லா" என்றாள். குரல் சரியில்லை.

"நீ கேட்டது சரிதானே."

"போளா. நாக்க அறுக்கணும் எனக்கு."

அவள் படித்துக் காட்டுகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். அவளுக்கு முடிவு தெரியும். தெரிந்தவர் வாசித்தால் குரலிலேயே தெரிந்துவிடும்.

அவள் போன பிறகு அம்மா வந்து உட்கார்ந்தாள். "எனக்குத்தா ஒன்னுந் தெரியாதே. நான் படிக்கறேன் அம்மிணி."

அம்மா உண்டு உறைவிடப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். அதன் பிறகு அவள் வாசித்தது ரேஷன் கடை அறிவிப்பும் என் மதிப்பெண் சீட்டும்தான். வகுப்பில் எழுந்து நின்று படிப்பது போல ராகம் போட்டு வாசித்தாள். நீளமான சொற்களை இரண்டாக உடைத்தாள். சண்டை வரும் இடத்தில், "இது சண்ட, வேண்டா" என்று நான்கு பக்கத்தைத் தள்ளினாள்.

"அம்மா, தள்ளாத."

"வெட்டிக்கறாங்க, குத்திக்கறாங்க. அதுல என்ன இருக்குது?"

"எல்லாமே இருக்குது. படி."

பத்துப் பக்கத்துக்கு ஒரு தடவை நிறுத்திக் கேள்வி கேட்பாள். "கடல் தண்ணி உப்புத்தான? இத்தன வருசமாப் படகுலயே சுத்தறாளே, குடிக்கறதுக்கு என்ன பண்றா?"

ஆறு பாகம், நாற்பது வாசகர், ஒன்பது ஆண்டு. ஒருவரும் கேட்காத கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம். அதற்குமேல் அம்மாவுக்கு முடியாது. மிளகு பறிக்கும் காலம். முன்பு ஒரு பாகத்தை இரண்டே நாளில் முடிப்பவள் நான். இப்போது அம்மா கை கழுவி, கையில் எண்ணெய் தடவி, பாத்திரம் கவிழ்த்து, கண்ணாடியைத் தேடி வரும் வரை அலரி அங்கேயே நடுக்கடலில் நிற்பாள்.

இருபதாம் அத்தியாயத்தில் புயல். படகு கவிழப் போகும் இடத்தில் அம்மா புத்தகத்தை மூடிவிட்டாள். மறுநாள் வாசலில் மிளகைப் பரப்பிக்கொண்டிருந்தவளிடம், "இன்னைக்கு ரெண்டு அத்தியாயமாப் படி. என்னால முடியல" என்று கெஞ்சினேன்.

"அட, எதுக்குக் கெடந்து அடிச்சுக்கற? அவளுக்கு ஒன்னும் ஆவாது. ஊடு போய்ச் சேந்துட்டா."

மிளகைக் கையால் தள்ளும் சத்தம் நின்றது.

"உனக்கெப்படித் தெரியும்?" என்றேன்.

அவள் மறுபடி மிளகைத் தள்ளத் தொடங்கினாள்.

"அம்மா."

"நீ மத்தியானம் தூங்கறப்பக் கொஞ்சம் படிச்சேன். அப்பறம் விட முடியல. என்ன பண்றது சாமி."

நான் அன்றைக்குப் பேசியதை எழுத விரும்பவில்லை. நாற்பது பேர் ஐந்து வாரம் வாயைக் கட்டிக்கொண்டு காத்தது, என் வீட்டு வாசலில் மிளகோடு மிளகாகச் சிதறிவிட்டது. புத்தகத்தைப் பிடுங்கித் தலையணைக்கு அடியில் வைத்தேன். இனி யாரும் எனக்குப் படிக்க வேண்டாம் என்றேன். வந்தால் கண்ணால் படிக்கிறேன், வராவிட்டால் அப்படியே இருக்கட்டும். அம்மா திரும்பத் திரும்ப, "இனிமே சொல்ல மாட்டேன்" என்றாள். சொல்வதற்கு இனி என்ன மிச்சம் இருக்கிறது?

ரத்தப் பரிசோதனை முடிவு வந்திருந்தது. என் ரத்தத்தில் ஓர் எதிர்ப்பொருள் (உடம்பே தயாரித்து, உடம்பையே தாக்கும் புரதம்) இருந்தது. மருத்துவர் அதைப் பற்றிப் பேசும்போது ஒரு நல்லதும் ஒரு கெட்டதும் சொன்னார். இந்த வகையில் பார்வை நன்றாகத் திரும்பும். இந்த வகை மறுபடியும் வரலாம்.

"எப்ப வரும்?"

"வராமலும் போகலாம்."

"வந்தா எப்ப வரும்?"

"சௌமியா, அது எனக்குத் தெரிஞ்சா நான் சொல்ல மாட்டேனா? சிவப்பு மங்கினா, கண்ணைத் திருப்பும்போது வலிச்சா, அன்னைக்கே கிளம்பி வந்துடணும். ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களா நிறுத்தக் கூடாது. மெதுவாத்தான் குறைக்கணும்."

எனக்கு வசனமும் வேண்டாம், ஆறுதலும் வேண்டாம். ஒரு தேதி வேண்டும். இத்தனை இயந்திரங்கள் வைத்திருக்கிறார்கள், ஒரு தேதி இல்லை. இதே நோயில் இருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது, இந்தக் கோபம் உங்களுக்கும் வரும், அது போகாது, அதோடுதான் மாத்திரை போட வேண்டியிருக்கும் என்பதுதான். பொறுமை வந்தது என்று சொன்னால் பொய்.

பார்வை வந்தது. ஒரு நாளில் வரவில்லை. எந்த நாளில் என்றும் சொல்ல முடியவில்லை. முதலில் தட்டின் விளிம்பு. பிறகு தட்டில் கிடந்த கறிவேப்பிலை. அம்மாவின் முகத்தில் மூக்கு வந்தது, இரண்டு மூன்று நாள் கழித்துக் கண்கள் வந்தன. இடது கண் முன்னால் ஓடியது. வலது கண் பின்னால் வந்து, பாதி வழியில் உட்கார்ந்துகொண்டது.

புத்தகம் வந்த பன்னிரண்டாம் வாரம் அதைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்தேன். அம்மா வாசித்ததைக் கணக்கில் எடுக்காமல், முதல் பக்கத்திலிருந்து. இடது கண்ணால் ஒரு பக்கம் படிக்க ஒன்பது நிமிடம் ஆனது. இரண்டு பக்கத்தில் தலை வலித்தது. அம்மா தள்ளிய சண்டைகளையும் படித்தேன். முதல் நாள் இரண்டு பக்கம், ஒரு வாரத்தில் ஆறு, பிறகு பத்து. சூடான நீரில் குளிப்பது போன்ற நேரங்களில் பார்வை சற்று மங்கித் திரும்பும். அப்போது மூடி வைத்துவிடுவேன்.

முடிக்க ஐம்பத்து மூன்று நாள் ஆனது. அதற்குள் தொடரின் முதல் பருவம் முடிந்திருந்தது. பெனிட்டா என்னை மறுபடி குழுவில் சேர்த்தாள். முடிவைப் பற்றி அவர்கள் பேசித் தீர்த்திருந்தார்கள். மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தேன், நூற்றுக்கணக்கான செய்திகள். எல்லாச் சண்டையும் நடந்து ஆறிப்போயிருந்தது. இப்போது அங்கே காலை வணக்கமும், பிறந்தநாள் கேக்கும்தான். நான் எழுதிய நீளமான பதிவுக்கு மூன்று கட்டைவிரல் வந்தது.

ஆகவே வீட்டில் படித்திருந்த ஒரே ஆளிடம்தான் போக வேண்டியிருந்தது. அம்மா மரவள்ளிக் கிழங்கைத் தோல் சீவிக்கொண்டிருந்தாள்.

"நீ பொய் சொல்லியிருக்கற" என்றேன்.

"என்ன பொய்?"

"அலரி வீட்டுக்குப் போய்ச் சேரவே இல்ல. கடைசிப் பக்கத்துல சாம்பல் மழை நிக்குது. தூரத்துல கரை தெரியுது. அதோட முடிஞ்சுருது. அவ போனான்னு ஒரு வரிகூட இல்ல."

"கரை தெரியுதுன்னு போட்டுருக்குல்ல?"

"தெரியுதுன்னுதான் போட்டிருக்கு. சேந்தான்னு போடல."

"தெரிஞ்சுருச்சுன்னாப் போயிருவா. இத்தன நாளும் தெரியாமத்தான சுத்துனா?"

"அம்மா, நடுவுல இன்னும் கடல் இருக்குது. பாய் கிழிஞ்சிருக்குது. துடுப்பு ஒன்னுதான் இருக்குது."

"கிழிஞ்சதத் தெச்சுக்குவா."

"அது புத்தகத்துல இல்ல."

"எல்லாத்தையும் அவுங்களே எழுதீட்டு இருப்பாங்களா? நாம எதுக்கு இருக்கறோம்?" என்று கத்தியை என் பக்கம் நீட்டினாள். "நீ படிச்சவ. ஆனாக் கோளாறாப் படிக்கற."

முடிவை யாரும் எனக்குச் சொல்லிவிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அம்மா சொன்னது அவளுடைய முடிவு. அதற்காக நான் அவளைப் பேசிய பேச்சு நினைவுக்கு வந்தது. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவள், "தண்ணிக்கு என்ன பண்ணுனான்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல, பாத்தியா?" என்றாள். பேச்சு அங்கே போய்விட்டது.

இந்தச் சண்டை இன்னும் நடக்கிறது. தெரிவது வேறு, சேர்வது வேறு. இதை என்னைவிட நன்றாக அறிந்தவர் இந்த மலையில் இருக்க முடியாது. அம்மா ஒப்புக்கொள்வதாக இல்லை. பெனிட்டாவையும் தன் பக்கம் இழுத்துவிட்டாள்.

மாத்திரை இப்போது அரை. அடுத்த பரிசோதனைக்குப் பிறகு கால். அதற்குப் பிறகு என்ன என்று கேட்டால், பார்க்கலாம் என்கிறார் மருத்துவர்.

தினமும் காலையில் எழுந்ததும் வாசலில் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு எதிரேயுள்ள பலாமரத்தைப் பார்க்கிறேன். பிறகு மறு கண்ணை மூடிக்கொண்டு. இரண்டிலும் மரம் இருக்கிறது. வலது கண்ணில் அதற்கு வயது கொஞ்சம் கூட. இதைப் பார்த்து முடித்த பிறகுதான் இன்றைக்கு என்ன கிழமை என்று யோசிக்கத் தோன்றுகிறது. கிழமைகள் அதுவரை தொடங்குவதில்லை.

உள்ளேயிருந்து அம்மா கேட்பாள். "தெரியுதா?"

"தெரியுது" என்பேன். அதற்குமேல் நான் எதையும் ஒப்புக்கொள்வதில்லை.